நாள்பட்ட வலிக்கு மரப்பு ஊசி: எந்த வலிக்கு எந்த ஊசி, எப்போது வேண்டாம்

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியோடு இருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். மாத்திரை சாப்பிட்டாயிற்று, பிசியோதெரபி பார்த்தாயிற்று, ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றுமில்லை என்று வந்தாயிற்று. இப்போது ஒரு டாக்டர் வலிக்கிற இடத்திலேயே ஊசி போடலாம் என்கிறார். இன்னொருவர் முதுகுத்தண்டில் வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு என்கிறார். மூன்றாமவர் நரம்பைச் சுட்டுச் செயலிழக்கச் செய்யலாம் என்கிறார். பழைய தழும்பில் ஊசி போட்டுத் தலைவலியே போய்விட்டது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இதில் எதற்குத் தலையாட்டுவது?

இந்த நான்கிலும் பெரும்பாலும் ஒரே மருந்துக் குடும்பம்தான் உள்ளே போகிறது. பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அந்த மரப்பு ஊசி மருந்துகள்: லிடோகெய்ன், பூபிவகெய்ன், புரோகெய்ன். நரம்புச் சவ்வில் சோடியம் நுழையும் வழிகளை இவை அடைத்துவிடுகின்றன. வலிச் செய்தி மேலே போக முடிவதில்லை. லிடோகெய்னின் வேலை ஒன்றிரண்டு மணி நேரம். பூபிவகெய்ன் நான்கு முதல் எட்டு மணி நேரம் வரை தாங்கும். அப்புறம் மருந்து கலைந்துவிடும்.

அப்படியென்றால் சில மணி நேர மருந்து ஆறு மாத வலியை என்ன செய்துவிடும்? ஊசிக்குச் சம்மதிக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். பதில் மூன்று விதமாக வரலாம். ஒன்று, ஊசி ஒரு சோதனை: வலி எந்த நரம்பிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க. இரண்டு, ஊசி ஓர் அவகாசம்: வலி அடங்கியிருக்கும் நேரத்தில் அசையாமல் கிடந்த தோளையும் முதுகையும் அசைத்துப் பழக்க. மூன்று, ஊசியே சிகிச்சை: போட்ட பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிவாரணம். டாக்டர் மனதில் முதலாவதும் நோயாளி மனதில் மூன்றாவதும் இருந்தால், ஊசி சரியாக வேலை செய்தாலும் "பலிக்கவில்லை" என்றுதான் முடியும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வலியின் பரப்பு. ஒரே விரலால் "இங்கேதான்" என்று தொட்டுக் காட்ட முடிகிறதா, ஒரு கோடாக இறங்குகிறதா, உடம்பெங்கும் பரவிக் கிடக்கிறதா? என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. விரல் நுனி வலிக்கு ஊசியில் அர்த்தம் உண்டு. உடம்பெங்கும் பரவிய வலிக்கு அனேகமாக இல்லை.

இரண்டாவது, வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா என்பது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஊசிக்குப் போகிறோம். உச்சத்துக்குப் போனது தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தின் பெயரையும் ஊசி வாங்கிக்கொள்ளும். ஒப்பீட்டுச் சோதனை இல்லாமல் "பத்தில் எட்டுப் பேருக்குக் குணம்" என்று சொல்லப்படும் எதையும் நான் பாதியாக்கித்தான் கேட்பேன்.

மூன்றாவது, நிவாரணம் எவ்வளவு நாள், மறுபடி எத்தனை முறை. நான்காவது, ரசீதில் வராத செலவு: விடுப்பு, கூட வருபவரின் ஒரு நாள், எக்ஸ்ரே கதிர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்தை நிறுத்தி வைப்பதன் ஆபத்து, ஸ்டீராய்டால் எகிறும் சர்க்கரை. ஐந்தாவது, தவறினால் எவ்வளவு தூரம் தவறும். தோல் கன்றிப்போவதும் தண்டுவடம் பாதிக்கப்படுவதும் ஒரே எடை இல்லை.

| வழி | யாருக்குப் பொருந்தும் | நிவாரணம் | பெரிய ஆபத்து |
|---|---|---|---|
| தசை முடிச்சில் ஊசி | தொட்டால் துள்ளும் இறுகிய தசை | சில நாள் முதல் சில வாரம் | நெஞ்சுப் பகுதியில் நுரையீரலில் குத்திவிடுவது |
| நரம்பு பிளாக் (ஒரு நரம்பின் அருகே மருந்து விட்டு அதை மரக்க வைப்பது) | ஒரு நரம்பின் எல்லைக்குள் அடங்கும் வலி | சில மணி நேரம். சிலருக்கு வாரங்கள், மாதங்கள் | மருந்து ரத்தக் குழாய்க்குள் போவது |
| ஸ்டீராய்டு கலந்த ஊசி | புதிதாக வந்த கடும் கால் நரம்பு வலி, வீங்கிய மூட்டு | சில வாரம் முதல் சுமார் மூன்று மாதம் | அரிதாகப் பக்கவாதம், தண்டுவடப் பாதிப்பு |
| ரேடியோ அலையால் சுடுவது | சோதனை பிளாக்கில் தெளிவாகக் குறைந்த முதுகு, கழுத்து மூட்டு வலி | ஆறு முதல் பன்னிரண்டு மாதம் | சுட்ட இடத்தில் சில வாரம் எரிச்சல் |
| நியூரல் தெரபி (பழைய தழும்பு போன்ற இடங்களில் ஊசி) | தெளிவான பட்டியல் இல்லை | சொல்ல முடியாது | ஊசி போகும் ஆழத்தைப் பொறுத்தது |

## தசை முடிச்சில் ஊசி

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, தோள்பட்டை எலும்பின் ஓரத்தில், இடுப்புக்கு மேலே, அழுத்தினால் துள்ள வைக்கும் இறுகிய முடிச்சுகள் இருக்கும். இவற்றை வரைபடமாக்கிப் பரப்பியவர் அமெரிக்க டாக்டர் ஜேனட் டிராவல். ஜனாதிபதி ஜான் கென்னடியின் முதுகு வலிக்கு வைத்தியம் பார்த்தவர். முறை எளிது. முடிச்சைப் பிடித்து, மெல்லிய ஊசியால் குத்தி, தசை ஒரு முறை துடிப்பதைப் பார்த்து, கொஞ்சம் லிடோகெய்ன் விடுவது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மருந்தே இல்லாமல் வெறும் ஊசியால் குத்தினாலும் பலன் ஏறக்குறைய அதே அளவுதான் என்று ஒப்பீடுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உள்ளே எந்த மருந்து போகிறது என்பதைவிட ஊசி முடிச்சில் படுகிறதா என்பதே முக்கியம். லிடோகெய்ன் சேர்ப்பதன் லாபம், குத்திய பிறகு வரும் நோவு குறைவது. ஆகவே ஸ்டீராய்டும் கலந்து போடுகிறோம் என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். தசையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. தோல் மெலிந்து வெளிறிப் போவது மட்டும் நிகழலாம்.

மறைந்திருக்கும் செலவு, திரும்பத் திரும்பப் போவது. அன்றைக்கு லேசாகிவிடும், இரண்டு வாரத்தில் மறுபடி இறுகும், மறுபடி ஊசி. லேசான அந்த நாட்களில் தசையை நீட்டிப் பழக்கவில்லை, நாற்காலியின் உயரத்தையும் தூங்கும் முறையையும் மாற்றவில்லை என்றால் இது முடியாத சுற்று. விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்றிரண்டு முடிச்சுகள், கூடவே உடற்பயிற்சித் திட்டம், இரண்டும் உள்ளவருக்கு இது மலிவான, நியாயமான தேர்வு. ஒரே அமர்வில் இருபது இடத்தில் குத்துவதாக இருந்தால் அந்த வலிக்கு இது வழியல்ல.

## நரம்பு பிளாக்

மரப்பு மருந்து தன் சொந்தப் பலத்தில் நிற்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நல்ல உதாரணம் வயிற்றுச் சுவர் வலி. வயிற்றின் முன்பக்கத் தசைக்குள் நுழையும் தோல் நரம்பு ஒன்று அங்கே சிக்கிக்கொள்ளும். நோயாளி மாதக்கணக்கில் எண்டோஸ்கோபி, அல்ட்ராசவுண்ட் என்று அலைவார். குடலில் எதுவும் இருக்காது. கண்டுபிடிக்கும் வழி 1926-இலேயே கார்னெட் என்ற அறுவை நிபுணர் சொன்னது. மல்லாந்து படுத்து, வலிக்கும் புள்ளியை விரலால் அழுத்தியபடி, தலையையும் தோளையும் தூக்க வேண்டும். தசை இறுகும்போது வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் சுவரில்; குறைந்தால் உள்ளுறுப்பில் தேட வேண்டும். அந்தப் புள்ளியில் லிடோகெய்ன் போட்டதும் சில நிமிடங்களில் வலி விழுந்துவிட்டால் சோதனையும் முடிந்தது, சிகிச்சையும் தொடங்கியாயிற்று. யாருக்கு எந்த ஊசி என்பதை மறைத்து வைத்து 48 பேரிடம் நடந்த சோதனையில் உப்புநீர் போட்ட 24 பேரில் 4 பேருக்கும், லிடோகெய்ன் போட்ட 24 பேரில் 13 பேருக்கும் வலி தெளிவாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்தத் துறையில் இவ்வளவு சுத்தமான வித்தியாசம் அடிக்கடி கிடைப்பதில்லை.

மருந்து கலைந்த பிறகும் சிலருக்கு வலி ஏன் திரும்புவதில்லை? நரம்பைச் சுற்றிய இறுக்கத்தைத் திரவம் விலக்கியிருக்கலாம். ஓயாமல் வந்துகொண்டிருந்த செய்தி நின்றதால் தண்டுவடம் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். மரப்பு மருந்துகளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணமும் உண்டு. தீர்ந்துவிட்ட விவாதமல்ல இது.

தலைவலியில் பின்மண்டை நரம்பு பிளாக் இதே குடும்பம். கொத்துத் தலைவலிக்கு (கண்ணைச் சுற்றி ஒரு பக்கமாக, கொத்துக் கொத்தாக வரும் கடும் தலைவலி) ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டால் தாக்குதல்கள் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஸ்டீராய்டு சேர்த்தால் குத்திய இடத்தில் சிறு வழுக்கை விழ வாய்ப்பிருக்கிறது என்பதையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

முதுகிலும் கழுத்திலும் பிளாக் பெரும்பாலும் சோதனை மட்டுமே. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டுகளுக்குப் போகும் நரம்பை மரக்க வைத்து, வலி குறைகிறதா என்று பார்ப்பது. எந்த அறைக்குப் போகும் கம்பி பழுது என்று ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறோமே, அதே வேலை. இங்கே நோயாளியின் பங்கு பெரிது, அதைச் சொல்பவர்கள் குறைவு. அன்று காலையில் வலி மாத்திரை சாப்பிடக் கூடாது, தவிர்க்க முடிந்தால் மயக்க மருந்தும் வேண்டாம். ஊசி போட்ட பிறகு படுத்துக்கொள்ளாமல், வழக்கமாக வலியைக் கிளப்பும் வேலையை வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும்: குனிவது, படியேறுவது, நெடுநேரம் நிற்பது. மணிக்கொரு முறை பத்துக்கு எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஊசி வீண். ஒரே ஒரு சோதனையில் பொய்யாக "ஆம்" என்று வருவது சகஜம் என்பதால், பலர் வேறொரு நாளில் இன்னொரு மருந்தோடு மறுபடி செய்து உறுதிப்படுத்துகிறார்கள். லிடோகெய்ன் போட்ட நாளில் குறைந்த நேரமும், பூபிவகெய்ன் போட்ட நாளில் நீண்ட நேரமும் நிவாரணம் கிடைத்தால் விடையை நம்பலாம்.

## ஸ்டீராய்டு கலந்த ஊசி

"வெறும் மரப்பு மருந்து நிற்காது, ஸ்டீராய்டு சேர்த்தால்தான் நிற்கும்" என்பது பரவலான நம்பிக்கை. எப்போதும் உண்மையில்லை.

முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கி, நடந்தால் கால் கனத்து வலிக்கும் 400 பேரிடம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்து 2014-இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு லிடோகெய்ன் மட்டும், பாதிப் பேருக்கு லிடோகெய்னோடு ஸ்டீராய்டும். ஆறு வாரத்தில் இரு தரப்புக்கும் இடையே சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. அதே 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, முதுகுத்தண்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், கைகால் முடக்கம், மரணம் நேரலாம் என்ற எச்சரிக்கையை மருந்து லேபிளில் சேர்க்க வைத்தது. துகள்களாக நிற்கும் ஸ்டீராய்டு, ரத்தக் குழாய்க்குள் போனால் அடைத்துவிடும் என்பது ஒரு முக்கியக் காரணம். கழுத்துப் பகுதியில் இந்த அபாயம் கூடுதல். துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோன் போடுவீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

மூட்டிலும் யோசிக்க வேண்டும். தேய்ந்த முழங்காலில் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். உப்புநீர் போட்டவர்களைவிட வலி குறையவில்லை; குருத்தெலும்பு மட்டும் அதிகமாகத் தேய்ந்தது. 2017-இல் வந்த முடிவு இது. வீங்கிய முழங்காலுக்கு எப்போதாவது ஒரு முறை போடுவதை இது தடுக்கவில்லை. காலாண்டுக்கு ஒன்று என்று வழக்கமாக்கிக்கொள்வதைத்தான் தடுக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்குப் போட்ட மறுநாள் முதல் சில நாட்கள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும், சர்க்கரை எகிறும். இன்சுலின் போடுபவர் முன்கூட்டியே தன் டாக்டரிடம் பேசி வைக்க வேண்டும்.

இது சரியான தேர்வாகும் இடம் ஒன்று உண்டு. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தி, காலில் மின்சாரம் போல் இறங்கும் புதிய, கடுமையான வலி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் 2016 வழிகாட்டுதலில் அத்தகைய வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. அங்கேயும் லாபம் பெரிதல்ல, குறுகிய காலத்துக்குத்தான். ஆனால் தூங்கவே முடியாதவருக்கு நாலு வாரத் தூக்கம் சின்ன விஷயமா? கால் வலி இல்லாத வெறும் இடுப்பு வலிக்கு முதுகில் ஊசி வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

## ரேடியோ அலையால் சுடுவது

சோதனை பிளாக் இரண்டிலும் வலி நன்றாகக் குறைந்தவர்களுக்கு அடுத்த படி. ஊசி முனையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அந்தச் சிறு நரம்பைச் செயலிழக்கச் செய்கிறார்கள். நரம்பு மறுபடி வளரும் வரை, அதாவது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, வலி குறைந்திருக்கும். பிறகு மறுபடி செய்யலாம்.

ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளிவந்த சோதனைகளில், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்தவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. நோயாளிகளைத் தளர்வாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று வலி நிபுணர்கள் குறை சொன்னார்கள். 2025-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த பன்னாட்டுக் குழுவின் வழிகாட்டுதல் இன்னும் கடுமை: புற்றுநோயோ அழற்சி மூட்டு நோயோ இல்லாத நாள்பட்ட முதுகுத்தண்டு வலிக்கு இந்தச் சூடும் வேண்டாம், முதுகுத்தண்டு ஊசிகளும் வேண்டாம். வலி நிபுணர்களின் சங்கங்கள் எதிர்த்தன. இரு தரப்பையும் படித்த பிறகு என் நிலை இதுதான்: சோதனை பிளாக்கை ஒழுங்காகச் செய்து, தாளில் எண்கள் தெளிவாக விழுந்தவருக்கு மட்டும் இதைப் பற்றிப் பேசலாம். "ஸ்கேனில் மூட்டுத் தேய்மானம் தெரிகிறது, நேரே சுட்டுவிடலாம்" என்று சோதனையைத் தாண்டிக் குதிக்கும் இடத்தில் எழுந்து வந்துவிடலாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

## நியூரல் தெரபி

1925-இல் ஜெர்மன் டாக்டர் ஃபெர்டினாண்ட் ஹுனேக்கே, தன் சகோதரியின் ஒற்றைத் தலைவலிக்குப் புரோகெய்ன் கலந்த ஊசியைத் தவறுதலாக ரத்தக் குழாயில் போட்டுவிட்டார். தலைவலி உடனே நின்றது. 1940-இல் இன்னொருவருக்குக் காலில் இருந்த பழைய எலும்புப் புண் தழும்பில் ஊசி போட, தோள் வலி நொடியில் மறைந்ததாக அவர் பதிவு செய்தார். உடம்பில் எங்கோ இருக்கும் தழும்போ பல்லோ டான்சிலோ தொலைவில் வலியை மூட்டும் "இடையூறு மையம்" ஆகலாம் என்ற கோட்பாடு அதிலிருந்து பிறந்தது.

கதை கவர்கிறது. ஆதாரம் மெலிது. இடையூறு மையத்தை அளந்து காட்ட ஒரு வழி இல்லை, உப்புநீரோடு ஒப்பிட்ட தரமான சோதனைகளும் குறைவு. தழும்புக்குள்ளேயே நரம்பு சிக்கி வலிக்கிறது என்றால் அதற்கு இந்தக் கோட்பாடு தேவையில்லை. மேலே சொன்ன நரம்பு பிளாக்கே விளக்கம். தோலுக்கு அடியில் சிறிது மருந்து விடுவதில் ஆபத்தும் குறைவு. கழுத்தில் ஆழமாக, நரம்பு முடிச்சுகளுக்கு ஊசி போகும் என்றால் பேச்சு வேறு. அல்ட்ராசவுண்டும் அவசர வசதியும் இல்லாத அறையில் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். புரோகெய்னுக்கு ஒவ்வாமை லிடோகெய்னைவிடக் கூடுதலாக வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

## ஊசியே வேண்டாத இடங்கள்

உடம்பெங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் களைப்பு, இன்று இடுப்பு நாளை தோள் என்று இடம் மாறும் வலி: இவற்றில் கோளாறு ஓர் இடத்தில் இல்லை, வலியைப் பெருக்கிக் காட்டும் நரம்பு மண்டலத்தில். தனிக் காரணம் பிடிபடாத இத்தகைய வலிக்கு மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்த முடிச்சு ஊசியைத் தர வேண்டாம் என்று நைஸ் 2021-இல் சொல்லிவிட்டது. மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சி, தூக்கம், மனநல ஆலோசனை, சிலருக்கு மன அழுத்த மாத்திரை. சலிப்பான பட்டியல்தான், ஆனால் வழி அங்கேதான் இருக்கிறது.

அக்கி வந்து போன இடத்தில் எரியும் வலிக்கு ஊசிக்கு முன் 5 சதவீத லிடோகெய்ன் பட்டை இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் எடுத்து வைப்பது. பலருக்கு அதுவே போதும்.

## சம்மதிக்கும் முன்னும், போட்ட பின்னும்

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இது சோதனையா, அவகாசமா, சிகிச்சையா? எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்? தனி லிடோகெய்னுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் வரை வரம்பு. பல இடத்தில் குத்தும்போது இது சத்தமில்லாமல் தாண்டிவிடும். மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டால் கொடுக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கையிருப்பில் உள்ளதா? பலன் இல்லையென்றால் எத்தனையாவது ஊசியில் நிறுத்துவோம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வாங்குங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரையும் ஊசி போடுபவரையும் பேசிக்கொள்ளச் சொல்ல வேண்டும். காய்ச்சலோ, குத்தும் இடத்தில் புண்ணோ இருந்தால் நாளைத் தள்ளிப் போடலாம். காலில் மரப்பு இறங்கும் ஊசி என்றால் அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

ஊசி போடும்போதோ போட்ட உடனேயோ நாக்கும் உதடும் மரத்து, வாயில் உலோகச் சுவை வந்து, காதில் இரைச்சல் கேட்டால் அந்த நொடியே சொல்லுங்கள். வலிப்புக்கும் இதயக் கோளாறுக்கும் முன்னால் வரும் அறிகுறிகள் அவை. நெஞ்சு, தோள் பகுதியில் போட்ட பிறகு மூச்சு வாங்கினால், மரப்பு கலைய வேண்டிய நேரம் கடந்தும் கால் பலமிழந்தே இருந்தால், சிறுநீர் போக முடியாவிட்டால், குளிர்க் காய்ச்சலோடு முதுகு வலி கூடினால், மறுநாள் அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எங்கே போட்டார்கள் என்று எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும்.